அது கத்துது, மேடம்

லினக்ஸிலிருந்து நீங்கள் நீக்கப்போகும் பழைய நிரல்களின் பட்டியலைப் பார்த்தேன். கடைசியிலிருந்து மூன்றாவது வரியில் என் டிரைவர், அதாவது ஒரு கார்டோடு கம்ப்யூட்டர் பேசுவதற்காக நான் எழுதிய நிரல். பக்கத்தில் உங்கள் குறிப்பு: "இந்தக் கார்டை யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. உள்ளே சம்பந்தமில்லாத கமெண்ட் ஒன்று இருக்கிறது. எழுதியவர் ஓய்வுபெற்றுவிட்டார். ஆட்சேபம் உண்டா என்று கேட்க வேண்டும்."

கேட்டதற்கு நன்றி. எழுதியவர் அடையாறில் சௌக்கியமாக இருக்கிறார். காலையில் நடந்துவிட்டு வந்து, இட்லி சாப்பிட்டுவிட்டு, வேறு வேலை இல்லாத ஆனந்தத்தோடு இதை எழுதுகிறார். ஆட்சேபம் உண்டா இல்லையா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நிரலுக்குள் குறிப்பாக எழுதி வைத்த அந்தச் சம்பந்தமில்லாத கமெண்ட் எப்படி வந்தது என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு வயது இருக்கிறது, எனக்கு நேரம் இருக்கிறது. கணக்கு சரியாகப் போய்விடும்.

தொண்ணூறுகளின் பின்பாதி. தி. நகரில் பனகல் பார்க்குக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் எங்கள் கம்பெனி. கம்ப்யூட்டர் விற்போம், பொருத்திக் கொடுப்போம், பழுதானால் போய்த் திட்டு வாங்குவோம். மூன்றாவது வேலைக்குப் பெரும்பாலும் என்னைத்தான் அனுப்புவார்கள். பெண்பிள்ளையைப் பார்த்தால் வாடிக்கையாளர் கொஞ்சம் குறைத்துத் திட்டுவார் என்று எங்கள் மேனேஜருக்கு ஒரு நம்பிக்கை. அது தவறான நம்பிக்கை.

மந்தைவெளியில் ஓர் அச்சகம் எங்கள் வாடிக்கை. சபா மலர், பள்ளிக்கூட ஆண்டு மலர், கும்பாபிஷேக மலர் என்று மலர்களாகவே அச்சடிப்பார்கள். அங்கே சேவியர் என்று ஒருவர் பக்கம் பார்ப்பவராக இருந்தார். அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் கடைசியாகப் பார்த்து "போலாம்" என்று சொல்வது அவர் வேலை. அவர் சொல்லாமல் எந்தப் பக்கமும் மெஷின் ஏறாது. முதலாளியின் மகள் கல்யாணப் பத்திரிகையையே இரண்டு தடவை திருப்பி அனுப்பியவர் என்று பெருமையாகச் சொல்வார்கள்.

சேவியருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். சாந்தோம் பக்கத்துக் குப்பத்துக்காரர். அப்பா கடலுக்குப் போனவர், அம்மா மந்தைவெளி மார்க்கெட்டில் மீன் விற்றவர். இவருக்குக் கண் நரம்பில் குறை. கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போய்க்கொண்டிருந்தது. வெள்ளைக் காகிதத்தைப் பார்த்தால் கண் கூசி ஒன்றும் தெரியாது. கறுப்புப் பின்னணியில் பெரிய வெள்ளை எழுத்து இருந்தால் மட்டும் நன்றாகப் படிப்பார். அவரைக் காப்பாற்றி வைத்திருந்தது ஒரு பெரிய கறுப்பு வெள்ளை மானிட்டர். இரண்டு பக்கங்களை அடுத்தடுத்து முழு அளவில் காட்டும். அதற்குப் படம் அனுப்பவென்றே கம்ப்யூட்டருக்குள் செருகும் ஒரு தனிக் கார்டு, வெளிநாட்டுச் சரக்கு. அச்சகத்தில் இரண்டு ஜோடி வாங்கியிருந்தார்கள். ஒன்று சேவியர் மேஜையில், இன்னொன்று உபரியாக ஸ்டோர் ரூமில். சேவியர் அதன் முன்னால் மூக்கு திரையில் படுகிற மாதிரி உட்கார்ந்து படிப்பார்.

அந்த வருடம் முதலாளி எல்லா மெஷினையும் மாற்ற முடிவு செய்தார். விற்றது நாங்கள்தான். பொருத்தப் போனபோதுதான் சிக்கல் தெரிந்தது. புது மெஷினில் அந்தக் கார்டைச் செருக இடம் இருக்கிறது, ஆனால் அதோடு பேச டிரைவர் இல்லை. பழைய டிரைவர் பழைய மெஷினில் மட்டும்தான் ஓடும். பழைய மெஷினோ புதுக் கோப்புகளைத் திறக்காது. கார்டு செய்த கம்பெனிக்கு ஃபேக்ஸ் அனுப்பினோம். பதில் மரியாதையாக வந்தது: கார்டின் உள்விவரங்கள் ரகசியம், வெளியே தருவதில்லை, எங்கள் புதிய மாடலை வாங்கிக்கொள்ளலாம், அந்தப் புதிய மாடல் பழைய மானிட்டரோடு வேலை செய்யாது.

முதலாளி மயிலாப்பூர் மனிதர், நல்லவர். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சேவியரை நான் போகச் சொல்லலைம்மா. இருபது வருஷமா இங்க இருக்கார். ஆனா அவரால பாக்க முடியாத ஸ்கிரீன் முன்னாடி உக்காத்தி வச்சிண்டு நான் என்ன பண்றது? பைண்டிங்ல போட்டுடறேன். தடவிப் பாத்துப் பக்கம் அடுக்கலாம். போகிக்கு முன்னாடி பழசையெல்லாம் கழிச்சுடலாம்னு இருக்கேன்."

பக்கத்துக்குப் "போலாம்" சொல்கிறவரை, பக்கத்தை மடிக்க உட்கார வைப்பது. சேவியர் காதில் அது விழுந்திருக்க வேண்டும். அவர் மானிட்டரின் தலையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் அப்போதுதான் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் சோர்ஸ் கோடு, அதாவது எழுதிய மூல வரிகள், யாரும் படித்து மாற்றும்படி முழுவதும் திறந்து கிடக்கும். அச்சுக்குப் போகிற கோப்பைத் திரையில் அப்படியே காட்டும் நிரலும் அதில் இருந்தது. டிரைவரை மட்டும் நாமே எழுதிவிட்டால் சேவியர் நாற்காலி தப்பும். மேனேஜரிடம் கேட்டேன். "போகி வரைக்கும் பாரு. அதுக்கு மேல ஒரு நாள் கூடக் கிடையாது" என்றார். அவர் அளவில் அது பெரிய தயாளம்.

உபரி ஜோடியை ஸ்டோர் ரூமிலேயே வைத்து ஆரம்பித்தேன். உள்விவரம் தராத கார்டுக்கு டிரைவர் எழுதுவது ஒட்டுக்கேட்கிற வேலை. பழைய டிரைவரை ஓட விட்டு, அது கார்டிடம் என்னென்ன சொல்கிறது என்று குறித்துக்கொள்வோம், பிறகு அதையே நாமும் சொல்லிப் பார்ப்போம். பத்து நாளில் பெரும்பாலும் பிடிபட்டுவிட்டது. ஒரே ஒரு எண் மட்டும் சிக்கவில்லை. கார்டு எந்த வேகத்தில் கோடு போட வேண்டும் என்று சொல்கிற எண். பழைய டிரைவர் அதை ஏதோ சுற்றிவளைத்து வைத்திருந்தது.

அப்போது வலையில் தேடியதில், கார்டு செய்த அதே கம்பெனியின் வேறொரு மாடலுக்கு யாரோ எழுதிய டிரைவர் அகப்பட்டது. அதில் அந்த எண் இருந்தது. பக்கத்தில் கமெண்ட்: "எல்லா மாடலுக்கும் இதே எண்தான்." கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது எனக்கு. அப்படியே எடுத்துப் போட்டேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இன்றைய மானிட்டர் எந்த வேகத்தில் அனுப்பினாலும் சமாளித்துக்கொள்ளும், பிடிக்காவிட்டால் பணிவாக ஒரு செய்தி காட்டும். அந்த மானிட்டருக்கு ஒரே ஒரு வேகம்தான். வேறு வேகத்தில் கேட்டால் முடியாது என்று சொல்லத் தெரியாது. முடிந்தவரை முயன்று, உள்ளே வெந்துபோகும். இது எனக்குத் தெரியாமல் இல்லை. படித்திருந்தேன். படித்ததும் பயந்ததும் வேறு வேறு.

மார்கழி மாதம், காலை பதினொரு மணி. பக்கத்து அறையில் சபா மலர் அவசரம். சேவியர் டீ குடிக்க எழுந்தவர், ஸ்டோர் ரூம் வாசலில் வந்து நின்றார். நான் நிரலை ஓட்டினேன். திரை ஒரு தரம் துள்ளியது. பிறகு படம் வந்தது. சாய்ந்து, கிழிந்து, ஓரத்தில் மடிந்து, ஆனால் படம். நான் எழுதிய டிரைவர், நான் அனுப்பிய படம். இந்தத் தொழிலில் அந்த ஒரு விநாடிக்காகத்தான் இருக்கிறோம், உங்களுக்கே தெரியும். நான் திரையை விழுங்கிவிடுகிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மேடம், அது கத்துது" என்றார் சேவியர்.

"ஒரு நிமிஷம்" என்றேன்.

"கத்துது மேடம். அணைச்சிடுங்க."

"ஒரு நிமிஷம் சேவியர், படம் வந்துடுச்சு பாருங்க."

பார்வை குறைந்தவரிடம் பாருங்க என்று சொன்னேன். அந்த நிமிஷம் முடியவில்லை. உள்ளே ஒரு சின்ன வெடிச்சத்தம், பிறகு எரிந்த வார்னிஷ் வாசனை, பின்பக்கச் சல்லடையிலிருந்து நூல் மாதிரி புகை. திரை கறுத்துப்போனது. சத்தம் நின்ற பிறகுதான் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. அதுவரை ஒரு கீச்சுக்குரல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, என் காதில் ஏறவேயில்லை.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சேவியர் தடவிக்கொண்டே வந்து பிளக்கைப் பிடுங்கிப் போட்டார்.

"எங்க நைனா படகுல மோட்டார் கட்டிக்கினு போவாரு மேடம். சத்தம் கொஞ்சம் மாறிச்சின்னா மொதல்ல நிறுத்திடுவாரு. அப்பால தான் இன்னான்னு பாப்பாரு. நடுக்கடல்ல மோட்டார் எரிஞ்சா நீந்திக்கினு தான் வரணும்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார், "இன்னொண்ணு கீதுல்ல. என் டேபிள்ல."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது இடியாக இறங்கியது. இனி மிச்சம் இருப்பது அவர் படிக்கிற மானிட்டர் ஒன்றுதான். அடுத்த தடவை நான் தவறினால், போகி வரைக்கும் கூட அவருக்கு வேலை இல்லை.

மந்தைவெளி பஸ் டெப்போவுக்குப் பின்னால் ஒரு டிவி ரிப்பேர் கடை இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. கடைக்காரர் பெயரும் எனக்குத் தெரியாது, டிவிக்காரர் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். கேட்டிருக்க வேண்டும், கேட்காமலே இருந்துவிட்டேன். எரிந்த மானிட்டரை ஆட்டோவில் வைத்து அவரிடம் கொண்டுபோனேன். பின்மூடியைக் கழற்றி முகர்ந்து பார்த்தார்.

"இன்னாமா, நல்லா வறுத்து எட்தாந்துக்கீற. இது எழுந்துக்காது."

நடந்ததைச் சொன்னேன். அந்த எண் கதையையும் சொன்னேன். வாயில் திருப்புளியைக் கடித்துக்கொண்டே கேட்டார்.

"அந்த நம்பரு உனக்கு யாரு சொன்னது?"

"நெட்ல ஒருத்தர் எழுதியிருந்தார்."

"அவரு கையில இந்தப் பெட்டி இருந்திச்சா?"

"இல்ல. வேற மாடல்."

"அப்போ அவரு பொண்டாட்டி செருப்பு அளவ வச்சி உன் காலுக்குச் செருப்பு வாங்கிக்கீற" என்றார். "கார்டு இன்னா சொல்லுதுன்னே பாத்துக்கினு கீற. பெட்டிக்கு இன்னா வேணும்னு பாத்தியா? பழைய சாப்ட்வேர்ல நல்லா ஓடுதில்ல? அப்ப அந்தக் கேபிள்ல இன்னா வருதுன்னு அளந்துக்கினு, உன்னுதுலயும் அதே வருதான்னு பாரு. பெட்டிய மாட்டாதே. பெட்டி எதுக்கு?"

பெட்டி எதுக்கு. பட்டம் வாங்கி ஏழு வருடம் ஆகியிருந்தது எனக்கு. மானிட்டரை மாட்டாமலே டிரைவர் எழுதலாம், கேபிளின் நுனியில் அளந்து பார்த்தால் போதும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. படம் பார்க்கிற ஆசை, வேறொன்றும் இல்லை. எழுதியவருக்குப் படம் வேண்டும். அதற்காக எவ்வளவு பெரிய மானிட்டரையும் பலி கொடுப்போம்.

அவரிடம் ஓர் அலைகாட்டி இருந்தது. பச்சைத் திரையில் அலை ஓடும், கட்டத்தை எண்ணி வேகம் கணக்குப் போடலாம். கடையின் ஒரு மூலையில் உபரிக் கார்டையும் ஒரு பழைய மெஷினையும் ஒரு புது மெஷினையும் வைத்துக்கொள்ளச் சொன்னார். மானிட்டர் இல்லாமல், கேபிளில் முனை செருகி, பழைய டிரைவர் அனுப்புகிற அலையை முதலில் அளந்தோம். பிறகு என்னுடையதை. இரண்டுக்கும் இருந்த வித்தியாசத்தைப் பார்த்தபோது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கிட்டத்தட்ட சரி என்றுகூடச் சொல்ல முடியாது. எண்ணை மாற்றி மாற்றி அளந்தேன். ஐந்தாம் நாள் இரண்டு அலையும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தது.

போகிக்கு இரண்டு நாள் இருந்தது. அப்போது எனக்குப் புதுப் பயம் வந்தது. அந்த அலைகாட்டி பழையது. அது காட்டுகிற அளவே தப்பாக இருந்தால்? தேனாம்பேட்டையில் ஒரு கல்லூரி நண்பர் வேலை பார்த்த இடத்தில் நல்ல கருவி இருக்கிறது, ஆனால் கேட்டு வாங்க ஒரு வாரம் ஆகும். டிவிக்காரரிடம் புலம்பினேன். அவர் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைக் காட்டினார்.

"இது பத்து நிமிஷம் ஸ்பீடு. தெரியும்ல? ஆனா நீ ஒம்போதுக்கு வந்தியா, நான் ஒம்போதுக்கு வந்தனா, ரெண்டு பேரும் ஒண்ணா வந்தமான்னு இத வச்சே சொல்லலாம். கடியாரம் தப்பா இருந்தா இன்னா? ரெண்டு பேருக்கும் அதே கடியாரம் தானே?"

இவ்வளவு தெளிவாக எனக்கு எந்தப் பேராசிரியரும் சொல்லிக்கொடுத்ததில்லை. சரியான எண் எது என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. ஓடுகிற ஒன்றும் என்னுடையதும் ஒன்றா என்று தெரிந்தால் போதும். உங்களுக்கும் ஒரு நாள் நல்ல கருவி கிடைக்காது. அன்றைக்கு இந்தக் கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை அச்சகத்தில் எல்லாரும் கூடிவிட்டார்கள். முதலாளி, அவர் மகன், பக்கம் அமைக்கிற இரண்டு பெண்கள், என் மேனேஜர். வாசலில் பழைய சாமான் எடுக்கிறவரின் மூன்று சக்கர வண்டி வந்து நின்றுவிட்டது. ஸ்டோர் ரூம் காலியாகிக்கொண்டிருந்தது. சேவியரின் மானிட்டரைப் புது மெஷினோடு இணைத்தேன். சுவிட்சில் கை வைக்கப் போனவள் நிறுத்திக்கொண்டேன்.

"என்ன யோசனை? அலையெல்லாம் சரியா இருக்குன்னு சொன்னியேம்மா" என்றார் முதலாளி.

சரியாகத்தான் இருந்தது. ஆனால் நான் அங்கே எங்கே நிற்கப் போகிறேன் என்று எனக்குத் தெரியும். திரைக்கு முன்னால். படம் வந்தால் என் காது அடைத்துவிடும், போன தடவை பார்த்தாயிற்று. இது என் குணம், ஒரு வாரத்தில் மாறாது.

"சேவியர், இங்க வாங்க" என்றேன். "நீங்க பின்னாடி நில்லுங்க. சுவிட்ச் உங்க கையில. நான் என்ன சொன்னாலும் கேக்காதீங்க. கத்தினா அணைச்சிடுங்க."

"படம் வந்தா?"

"படம் வந்தாலும்."

அவர் மானிட்டரின் பின்னால் போய்க் குனிந்து, காதைச் சல்லடைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். விரல் சுவிட்சில். தன் வேலை நிற்குமா போகுமா என்பது தன் விரலிலேயே இருக்கிற இடத்தில் நின்றார் அந்த மனிதர். முகத்தில் பதற்றம் இல்லை, கூர்மைதான் இருந்தது. சுவிட்சைப் போட்டார். நான் நிரலை ஓட்டினேன். எனக்கு என் நெஞ்சு அடிப்பதைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை.

"சத்தமே இல்ல மேடம்" என்றார். "தெனம் எப்டி இருக்குமோ அப்டியே கீது."

திரையில் இரண்டு பக்கங்கள் வந்து நின்றன. ஒரு பள்ளிக்கூட ஆண்டு மலரின் நடுப்பக்கங்கள். கத்தி மாதிரி கூர்மை. வெள்ளைக் காகிதம் போலப் பின்னணி, அதில் கறுப்பு எழுத்து. பெண்கள் கை தட்டினார்கள். மேனேஜர் தானே எழுதிய மாதிரி முதலாளியின் கையைக் குலுக்கினார். நான் அழுதுவிடுவேன் போல இருந்தது.

சேவியர் முன்பக்கம் வந்து உட்கார்ந்தார். மூக்கைத் திரைக்குக் கொண்டுபோனார். கண்ணை இடுக்கினார், விலகினார், மறுபடி போனார். பிறகு கையால் கண்ணை மறைத்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியல மேடம். ஒரே வெளிச்சமா கீது."

கை தட்டல் நின்றது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று வாரம் அவர் பக்கத்தில் இருந்திருக்கிறேன். அவர் திரையில் எப்போதும் கறுப்பில் வெள்ளை எழுத்துதான். அது அந்தக் கார்டின் இயல்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது அவர் கண்ணுக்காக யாரோ எப்போதோ பழைய மெஷினில் மாற்றி வைத்தது. அலையை அளந்தேன், கேபிளை அளந்தேன். யாருக்காக எழுதுகிறேனோ அவரிடம் "உங்களுக்கு எப்படித் தெரியணும்" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதலாளி தொண்டையைக் கனைத்தார். "பரவால்லை சேவியர். பைண்டிங்லயும் பொறுப்பான ஆள் வேணும்தானே…"

"சார், பத்து நிமிஷம் குடுங்க" என்றேன்.

இதைத்தான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கம்பெனி தந்த, உள்ளே பார்க்கவோ மாற்றவோ முடியாத மூடிய டிரைவராக இருந்திருந்தால் அன்றைக்குக் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஃபேக்ஸ் அனுப்பி, பதில் வந்து, பதிலில் வருத்தம் தெரிவித்து. என் முன்னால் சோர்ஸ் திறந்திருந்தது. கறுப்பு வெள்ளையைத் தலைகீழாக்குவது ஒரே வரி. அதைப் போட்டு, ஓடும் வடிவத்துக்கு மறுபடி தொகுக்க, அந்தக் காலத்து மெஷினுக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. அதற்குள் வண்டிக்காரர் வாசலிலிருந்து "பெரிய டிவி ஒண்ணு கீதுன்னாங்களே, அது வருதா வரலியா சார்?" என்று கேட்டார்.

"இருப்பா" என்றார் முதலாளி.

சேவியர் கேட்காமலே மறுபடி பின்னால் போய் சுவிட்சில் கை வைத்துக் காதைக் கொடுத்தார். ஓட்டினேன். சத்தமில்லை. அவர் முன்னால் வந்தார், மூக்கைத் திரைக்குக் கொண்டுபோனார். கறுப்பில் வெள்ளை எழுத்து அவர் கன்னத்தில் வெளிச்சமாக விழுந்தது. இடது பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்தார். வலது பக்கத்துக்கு நகர்ந்தார். நடுவில் நின்றார். திரும்பவும் மேலே போனார்.

"இத யாரு பாத்து ஓகே பண்ணது?" என்றார்.

வலது பக்கத்தில் விரலை வைத்தார்.

"ஹெட்மாஸ்டர் போட்டோ சாஞ்சிக்கீது. வலது பக்கம் எறங்கியிருக்கு. இது போகாது."

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, திரையில் அடிக்குச்சியை வைத்துப் பார்த்தார். சாய்ந்திருந்தது, ஒரு நூல் அளவு. சற்றுமுன் நாங்கள் ஆறு பேரும் பார்த்து மகிழ்ந்த பக்கம் அது. முதலாளி அடிக்குச்சியை மேஜையில் வைத்தார். வாசலைப் பார்த்து, "பெரிய டிவி வரலைப்பா, நீ கிளம்பு" என்றார். சேவியர் அதற்குள் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

அவர் மேலும் பதினொரு வருடம் அந்த நாற்காலியில் இருந்தார்.

டிரைவரை நான் எல்லாருக்கும் திறந்து வெளியிட்டபோது இரண்டு கமெண்ட் எழுதினேன். முதலாவது: "இந்த எண் இந்த ஒரு மாடலில், இந்த ஒரு மானிட்டரில் மட்டும் அளந்தது. மற்றவை எனக்குத் தெரியாது. மானிட்டர் கத்தினால் உடனே அணை. படம் வந்தாலும் அணை. பக்கத்தில் இருந்தவர் இரண்டு தடவை சொன்னார், நான் கேட்காமல் ஒன்றை எரித்தேன்." மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, "நம்ம தப்ப நாமளே ஊருக்குச் சொல்லணுமா?" என்றார். "எல்லா மாடலுக்கும் இதே எண்தான்" என்று ஒருவர் தைரியமாக எழுதியதால்தான் நான் எரித்தேன் என்றேன். அப்படி எழுதியவர் பொய் சொல்லவில்லை. பார்த்ததையும் நினைத்ததையும் ஒரே வரியில் எழுதிவிட்டார்.

சில வருடம் கழித்து முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து மடல் வந்தது. பெயரைப் பார்த்தால் ஏதோ குளிர் நாட்டுக்காரர். மூன்றே வாக்கியம்: கத்தியது. அணைத்துவிட்டேன். உங்கள் பக்கத்தில் இருந்தவருக்கு நன்றி. அச்சடித்து எடுத்துக்கொண்டு போய் சேவியருக்குப் படித்துக் காட்டினேன். "நம்ம மந்தவெளி சத்தம் அங்க வரைக்கும் போய்க்கீதா" என்று சிரித்தார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் பதவி உயர்வு வந்தபோதுகூட இல்லை.

இரண்டாவது கமெண்ட்தான் நீங்கள் சம்பந்தமில்லை என்று எழுதியது. கறுப்பில் வெள்ளை என்று போட்ட அந்த ஒரே வரிக்குப் பக்கத்தில் இருக்கிறது: "இதை மாற்றாதே. ஒருவர் இதில் படிக்கிறார்."

உங்கள் பட்டியல் வந்ததும் போன ஞாயிற்றுக்கிழமை சாந்தோமுக்குப் போனேன். சேவியருக்குப் பார்வை இப்போது முழுவதும் போய்விட்டது. போன் எல்லாவற்றையும் படித்துச் சொல்கிறது, அதை நாம் வாய் பிளக்கிற வேகத்தில் ஓட விட்டுக் கேட்கிறார். அதன் உச்சரிப்பில் குறை கண்டுபிடித்துக்கொண்டு உற்சாகமாக இருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். அந்த இரண்டாவது வரி இன்னும் உள்ளே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

"நான் தான் அதுல படிக்கிறது இல்லியே மேடம்" என்றார். "எட்த்துடட்டும். பாவம், பசங்க அத எத்தினி நாள் தூக்கிக்கினு திரிவாங்க?"

ஆகவே ஆட்சேபம் இல்லை. போகிக்குக் கழிக்கிற மாதிரி தாராளமாகக் கழியுங்கள். ஆனால் போகிக்குக்கூடப் பழைய பெட்டியைத் தூக்கிப் போடும் முன் ஒரு தரம் திறந்து பார்ப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் உள்ளே உங்களுக்கு ஒன்று இருக்கிறது. முதல் கமெண்டை எடுத்து, புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நீங்கள் கொடுக்கிற வழிமுறைகளின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். இதைக் கேட்டது நான் இல்லை, சேவியர்.

இரண்டாவதை நான் எடுத்துக்கொண்டேன். அது உங்களுக்கு உதவாது. நீங்கள் எழுதுகிற எதையாவது நம்பி, எங்கோ ஓர் ஆள் திரையில் மூக்கை வைத்து உட்கார்ந்திருப்பார். அவர் யாரென்று தெரிந்துகொள்கிற அன்றைக்கு, உங்கள் வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.